வர்ணப் பெட்டி வாங்குமுன்

குழந்தைகளுக்குக் கதை சொல்லத் தெரியாத தாயாரோ பாட்டியோ நம் தேசத்தில் கிடையாது. அந்தக் கதையை எழுதி, தாமே படமும் போட்டு, ஒரு புஸ்தகமாக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இப்போது பல வீடுகளில் பிறந்திருக்கிறது. மிகவும் நல்ல ஆசை. பனி பெய்யும் ஊரையும் ஆப்பிள் மரத்தையுமே படத்தில் கண்டு வளரும் குழந்தை, முருங்கை மரத்தையும் தெருத் திண்ணையையும் ஆற்றங்கரை எருமையையும் ஒரு முறையாவது புஸ்தகத்தில் பார்க்க வேண்டாமா?

ஆனால், ஆசை பிறந்ததும் அநேகர் செய்யும் முதற் காரியம், கடைக்குச் சென்று 48 வர்ணங்கள் அடங்கிய பெரிய பெட்டி ஒன்றை வாங்கி வருவதுதான். இரண்டு படங்களுக்குப் பிறகு பெட்டி அலமாரிக்குப் போய்விடுகிறது. கதையும் அதோடு கூடவே போய்விடுகிறது. இந்த நஷ்டம் நேராமலிருக்கச் சில விஷயங்களை முன்னதாக யோசிப்பது நலம்.

எத்தனை பிரதிகள்?

வீட்டுக் குழந்தைக்கென்று ஒரே பிரதி செய்வதானால், நீங்கள் தீட்டும் தாளே புஸ்தகத்தின் பக்கமாகும். குழந்தையின் ஈரக் கையையும், பல வருஷத்து வெளிச்சத்தையும் அது தாங்கியாக வேண்டும். ஐம்பது, நூறு பிரதிகள் வேண்டுமானால் படத்தை ஸ்கானரில் எடுத்து அச்சிட வேண்டும். அப்போது அசல் எவ்வளவு அழகு என்பது முக்கியமல்ல. அச்சில் எது விழும் என்பதே முக்கியம்.

வர்ண அச்சில் வழக்கமாக உபயோகமாகும் மசிகள் நான்கே: நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு. மற்ற நிறங்களெல்லாம் இந்நான்கின் சிறு புள்ளிகள் சேர்ந்து காட்டும் ஜாலந்தான். ஆகையால் பளீரென்ற ஆரஞ்சும், கிளிப்பச்சையும், கண்ணைப் பறிக்கும் ஊதாவும் அச்சில் சற்று மங்கியே வரும். பொன் வெள்ளி வர்ணங்கள் தம் பளபளப்பை இழந்துவிடும். மிக வெளிறிய வர்ணப் பென்ஸில் கோடுகள் ஸ்கானரின் கண்ணுக்கே படாமல் போகலாம். கறுப்புப் பென்ஸிலை அழுத்தித் தேய்த்த இடம் மினுமினுத்து, கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறம் காட்டும்.

அச்சில் வரவேண்டிய அளவைப் போல் ஒன்றேகால் மடங்கு பெரிதாக வரைந்து கொண்டால், சுருக்கும்போது கோடுகள் சீர்பெறும். அச்சிடும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகளும், வெறும் மசிக்கோட்டுப் படமானால் 600 புள்ளிகளும் இருக்கும்படி ஸ்கான் செய்வது வழக்கம்.

காகிதம்

கையில் பணம் குறைவாயிருந்தால் வர்ணத்தில் குறைத்துக் கொள்ளுங்கள், காகிதத்தில் குறைக்காதீர்கள். நீர் வர்ணம் பட்டதும் மெல்லிய தாள் அப்பளம் போல் நெளியும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் அவ்வளவாக நெளியாது. அதைவிட மெல்லியதை வாங்கினால், நனைத்து, பலகையில் கோந்துப் பட்டையால் நான்கு பக்கமும் ஒட்டி, காயவிட்ட பிறகே தீட்ட வேண்டும். பேனாக் கோட்டுக்கு வழவழப்பான தாளும், நீர் வர்ணத்துக்குச் சற்றுச் சொரசொரப்பான தாளும் ஏற்றவை.

மலிவான மரக்கூழ்த் தாள் நாளடைவில் மஞ்சளித்து ஒடியும். பருத்திக் கந்தலிலிருந்து கையால் செய்யும் நம் நாட்டுக் காகிதம் நெடுநாள் நிற்கும். ஆனால் வாங்குமுன் ஒரு மூலையில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். மைஒற்றும் தாளைப் போல் உடனே உறிஞ்சினால், அதில் போதிய பசை ஊட்டவில்லை என்று அர்த்தம். வர்ணம் அதில் பரவிக் கெடும்.

படப் புஸ்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்கள் கொண்டவை. அச்சுத்தாளை மடிக்கும் கணக்கு எட்டு, பதினாறு என்று போவதே காரணம். தலைப்புப் பக்கம் முதலியவை போக, பன்னிரண்டு பதின்மூன்று இரட்டைப் பக்கப் படங்கள் தேவைப்படும். அத்தனைக்கும் வேண்டிய காகிதத்தை ஒரே தடவையில் வாங்கி விடுங்கள். இல்லாவிடில் கதையின் நடுவே முயலின் நிறம் மாறிவிடும்!

வர்ணமும் தூரிகையும்

நீர் வர்ணத்தினூடே காகிதத்தின் வெண்மை தெரியும். அழகு அதிகம், ஆனால் தவறினால் திருத்துவது கஷ்டம். போஸ்டர் வர்ணமோ அடியிலுள்ளதை மறைத்துவிடும். ஆகவே பழகாத கைக்கு அதுவே உத்தமம். இரண்டு மஞ்சள், இரண்டு சிவப்பு, இரண்டு நீலம், ஒரு காவி, ஒரு வெள்ளை, இவ்வளவே போதும். மீதி நிறங்களைக் கலந்து செய்து கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கான மலிவு வர்ணத்தில் நிறம் குறைவு, கலப்புப் பொருள் அதிகம். அச்சுக்குப் போகும் படத்துக்கு அதனால் பெரிய பாதகமில்லை. அசலே புஸ்தகமானால், வெளிச்சத்தில் வெளிறாத வர்ணமா என்று உறையிலுள்ள குறிப்பைப் பார்த்தே வாங்க வேண்டும். அலிஸரின் கிரிம்ஸன் என்னும் அழகிய சிவப்பு வெளிறுவதற்குப் பெயர் போனது.

தூரிகை மூன்று போதும்: 2-ஆம் நம்பர், 6-ஆம் நம்பர், ஓர் அங்குலப் பட்டைத் தூரிகை. நீரில் தோய்த்து உதறினால் நுனி ஊசி போல் கூட வேண்டும். கீரி மயிர்த் தூரிகையை யாராவது புகழ்ந்து கொடுத்தால் வாங்காதீர்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வியாபாரம் குற்றமாகும். கீரியைக் கதாநாயகனாக்கிக் கதை சொல்லிவிட்டு அதன் ரோமத்தாலேயே படம் போடுவது நியாயமா? நைலான் தூரிகைகள் இப்போது மிக நன்றாகவே வருகின்றன.

கோடு போட்டு அதன்மேல் வர்ணம் பூசுவதானால், காய்ந்த பின் நீரில் கரையாத மசி வேண்டும். அரக்குச் சேர்ந்த அந்த மசியைத் தொட்டெழுதும் பேனாவில் உபயோகியுங்கள். ஊற்றுப் பேனாவில் விட்டால் அடைத்துக் கொள்ளும்.

பெரியோர் காட்டிய வழி

சாமான் குறைவாயிருந்தால் சித்திரம் குறைந்துவிடாது. 1930-இல் ரவீந்திரநாத தாகூர் வங்கக் குழந்தைகளுக்கென 'ஸஹஜ் பாட்' என்னும் பாடப் புஸ்தகத்தை வெளியிட்டபோது, நந்தலால் போஸ் லினோலியத்தில் செதுக்கிய கறுப்பு வெள்ளைப் படங்களே அதற்கு அழகு செய்தன. அதே நந்தலால், 1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் பந்தலுக்காகக் காந்தியடிகளின் விருப்பப்படி, கைக் காகிதத்தில் எளிய வர்ணங்களைக் கொண்டு கிராம ஜனங்களின் வாழ்க்கையைத் தீட்டினார். இங்கிலாந்தில் பீயாட்ரிக்ஸ் பாட்டர் தமது முயல் கதையைப் பிரசுரகர்த்தர்கள் மறுத்ததும், 1901-இல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். உள்ளே இருந்தவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களே. வர்ணப் பதிப்பு மறு வருஷந்தான் வந்தது.

லினோ முறை வீட்டுக்கும் ஏற்றது. ஒரு துண்டு லினோலியமும், செதுக்கும் உளியும், ஓர் உருளையும், மசியும் இருந்தால் நூறு பிரதிகள் கையாலேயே எடுத்துவிடலாம். படம் இடம் வலமாக மாறி விழும் என்பதை மட்டும் மறவாதீர்கள்; எழுத்துக்களைத் தலைகீழாயல்ல, கண்ணாடியில் தெரிவதுபோல் செதுக்க வேண்டும். உளி குழந்தையின் கைக்கு எட்டாமலிருக்கட்டும்.

ஆகவே, முதலில் ஒரு தாள், மூன்று வர்ணம், ஒரு தூரிகை வாங்குங்கள். கதையில் ஒரே ஒரு பக்கத்தைத் தீட்டி, அச்சிட்டுப் பாருங்கள். பிறகு அந்தப் பக்கத்தைக் குழந்தையிடம் கொடுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று அது கேட்டால், மீதிச் சாமான்களைத் தைரியமாக வாங்கலாம்.