விழுந்த மரங்களின் ஓரமாக ஒரு நடை

இதய அறுவை முடிந்து, பிள்ளைகளைக் காண அமெரிக்கா புறப்படும் பெற்றோர் என்னிடம் தவறாமல் கேட்பது இது: "டாக்டர், அங்கே நான் நடக்கலாமா?" நடக்கலாம், நடக்கவும் வேண்டும். சான் பிரான்சிஸ்கோ செல்வோருக்கு ஓர் இடத்தையும் சேர்த்தே சொல்லி அனுப்புகிறேன்.

அந்நகரின் வடமுனையில் உள்ள பிரசீடியோ பூங்கா, 1776 முதல் 1994 வரை படைத்தளமாக இருந்த நிலம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படையினர் நடத் தொடங்கிய மரங்கள் முதுமை எய்திவிட்டமையால், அவற்றை அகற்றிப் புதுக்கன்றுகள் நடுகின்றனர். அவ்வாறு வீழ்த்தப்பட்ட மரங்களைக் கொண்டே ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தி என்னும் பிரித்தானியச் சிற்பி அங்குச் சில படைப்புகளை உருவாக்கியுள்ளார்.

2008இல் 37 சைப்ரஸ் அடிமரங்களை ஒன்றாகச் சேர்த்து, ஏறத்தாழ 30 மீட்டர் உயரக் கூம்பாக நிறுத்தினார். சுற்றிலும் நட்ட கன்றுகள் வளர்ந்து ஒருநாள் அதனை மறைத்துவிட வேண்டும் என்பதே அவர் எண்ணம். 2020 ஜூனில் தீப்பற்றிக் கருகியது, ஆனால் சாயவில்லை. நெஞ்சில் தழும்புடன் நடமாடும் நம்மவர்களுக்கு அதனைப் பிடித்துப்போவதில் வியப்பில்லை.

எனினும் நான் பரிந்துரைப்பது 'மரக்கோடு'. நீலகிரியில் நாம் காணும் அதே தைலமரத்தின் அடிமரங்கள், பாம்பு ஊர்ந்த தடம்போல் வளைந்து வளைந்து தரையில் கிடக்கின்றன. நீளம் ஏறத்தாழ 365 மீட்டர். மருத்துவமனையில் 6 நிமிட நடைப் பரிசோதனைக்கு நீங்கள் நடக்கும் 30 மீட்டர் கூடத்தைப்போல் 12 மடங்கு. முன்பு தைலமரங்களுக்கிடையே நட்ட சைப்ரஸ் கன்றுகள் நிழலில் செழிக்காமற்போனதால் ஏற்பட்ட வெற்றிடத்தில், 2011இல் அமைந்தது. மழையிலும் வெயிலிலும் உளுத்து மண்ணோடு மண்ணாகட்டும் என்றே விடப்பட்டுள்ளது. ஆகவே இவ்வாண்டு காண்பதை அடுத்த பயணத்தில் அப்படியே காண முடியாது.

நிலம் சரிவானது. இறங்கும்போது களைப்புத் தெரியாது. திரும்பி ஏறும்போதே இதயம் உழைக்கும். ஆதலால் பாதியிலேயே திரும்பினாலும் குறையில்லை. மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே உங்கள் வேகம். பிள்ளைகளே, அப்பாவை அவசரப்படுத்தாதீர்கள். பேரக்குழந்தைகள் மரத்தின்மேல் ஏறி நடப்பார்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் ஏறவேண்டாம், ஓரமாகவே நடக்கலாம். கோடையிலும் பனிமூட்டம் இறங்கும் ஊர். கம்பளிச் சட்டை வேண்டும். நெஞ்சு இறுகினால் உடனே உட்காருங்கள், தணியாவிடில் 911. நாவின்கீழ் வைக்கும் மாத்திரை தரப்பட்டிருப்பின், அது மகன் வீட்டு மேசையில் அல்ல, உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்.