நாலும் எட்டும் சேரக்கூடாதா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ரேம் இருந்தால் போதும் என்கிறது அந்த நிறுவனம். பிரவுசரில் பத்து டேப் திறந்ததும் அந்தப் 'போதும்' தீர்ந்துவிடும். லேப்டாப்பில் காலியாகக் கிடக்கும் இரண்டாவது ஸ்லாட்டில் 8 ஜிபி ஒன்றைச் செருகலாம் என்று கிளம்புகிறவரிடம் பலரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: கலக்காதீர்கள், ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே வேகத்தில் ஜோடியாக வாங்குங்கள், பழையதைக் கழற்றிப் போடுங்கள். இதில் கால் பங்கு உண்மை, முக்கால் பங்கு சடங்கு.

கட்டாயம் பொருந்த வேண்டியவை தலைமுறையும் மின்னழுத்தமும்தான். தலைமுறையில் தவறு செய்ய நினைத்தாலும் முடியாது. லேப்டாப் ரேமின் விளிம்பில் டிடிஆர்3-க்கு 204, டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262 தொடுமுனைகள். விளிம்பிலுள்ள வெட்டும் இடம் மாறியிருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராது. கவனிக்க வேண்டிய பொறி டிடிஆர்3 காலத்து இயந்திரங்களில் இருக்கிறது. 1.5 வோல்ட்டில் ஓடும் சாதா டிடிஆர்3-உம் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல்-உம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஒரே ஸ்லாட்டில் பொருந்தவும் செய்யும். ஆனால் இன்டெலின் நான்காம் தலைமுறை லேப்டாப் பிராசஸர்கள் 1.35 வோல்ட் வகைக்காகவே வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் சாதா டிடிஆர்3-ஐப் போட்டால் பெரும்பாலும் திரை கறுப்பாகவே நிற்கும். செகண்ட் ஹேண்ட் ரேம் வாங்குகிறவர் லேபிளில் கம்பெனிப் பெயரைத் தேடுவதற்கு முன் 'எல்' என்ற அந்த ஒற்றை எழுத்தைத் தேடுவது நல்லது.

வேகம் வேறுபட்டால் என்ன ஆகும்? அதற்கான ஏற்பாடு ரேமிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ரேமிலும் எஸ்பிடி எனப்படும் சின்னஞ்சிறு சிப் ஒன்று உண்டு. அந்த ரேம் எந்தெந்த வேகத்தில், எவ்வளவு தாமதத்தோடு ஓடும் என்ற ஜாதகம் அதில் எழுதப்பட்டிருக்கும். லேப்டாப்பை ஆன் செய்ததும் பயாஸ் இரண்டு ஜாதகங்களையும் படித்துப் பொருத்தம் பார்த்து, இரண்டுக்கும் ஒத்துவரும் வேகத்தை வைத்துவிடுகிறது. 2017-இல் வந்த இன்டெல் கோர் ஐ5-8250யூ பிராசஸரை எடுத்துக்கொள்வோம். டிடிஆர்4 ரேமை அது 2400-க்கு மேல் ஓட்டாது. அதில் ஏற்கெனவே 2400 வேகத்தில் 4 ஜிபி இருக்கிறது, கடையில் கிடைப்பதோ 3200 வேகத்து 8 ஜிபி. இரண்டையும் சேர்த்துப் போட்டால் 2400-இல் ஓடும். பழையதை எறிந்துவிட்டு 3200 ஜோடியாகவே வாங்கினாலும் அதே 2400-இல்தான் ஓடும்!

3200-ஐத் தாங்கும் புதிய லேப்டாப்பில் மெதுவான ரேம் நஷ்டம்தானே என்று கேட்கலாம். நஷ்டம்தான்; ஒரு வழியில் விநாடிக்கு 25.6 ஜிபி போய்வர வேண்டிய இடத்தில் 19.2 ஜிபி போய்வரும். ஆனால் கேட்டதை எடுத்துக் கொடுக்கத் தொடங்கும் நேரத்தில் அந்த அளவு வித்தியாசம் இல்லை. 2400 வேகத்தில் தாமத எண் சிஎல்17 என்றால் சுமார் 14.2 நானோ விநாடி, 3200 வேகத்தில் சிஎல்22 என்றால் 13.75. இதோடு ரேம் போதாமல் போவதன் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கிறது. ரேமிலிருந்து ஒரு தகவல் வர ஏறக்குறைய 100 நானோ விநாடி ஆகிறது என்றால், எஸ்எஸ்டியிலிருந்து வரப் பல நூறு மடங்கு நேரம் ஆகும். பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து என்றால் ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு. அரை நானோ விநாடிக்கும் கால் பங்கு வேகத்துக்கும் பயந்து 4 ஜிபியோடு காலம் தள்ளுவது எந்தக் கணக்கிலும் சேராது.

அடுத்த ஆட்சேபம் டூயல் சேனல் பற்றியது. இரண்டு ஸ்லாட்டிலும் சம அளவு ரேம் இருந்தால் பிராசஸர் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தகவல் எடுக்கும், வேகம் இரட்டிக்கும். அளவு மாறினால் அது கெட்டுப்போகும் என்பார்கள். முழுதாகக் கெடுவதில்லை. இன்டெல் 'ஃபிளெக்ஸ் மோட்' என்று அழைக்கும் ஏற்பாட்டில், நாலும் எட்டும் சேரும்போது பெரியதிலிருந்து 4 ஜிபி, சிறியதன் 4 ஜிபியோடு இரட்டை வழியில் ஓடும். மீதி 4 ஜிபி மட்டும் ஒற்றை வழியில் போகும். மேலே சொன்ன 2400 வேக லேப்டாப்பில் 8 ஜிபியைத் தனியாகப் போட்டால் விநாடிக்கு 19.2 ஜிபிதான். கலந்து போட்டால் 12 ஜிபியில் 8 ஜிபிக்கு 38.4 கிடைக்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ரேமையே பங்குபோட்டுக்கொள்ளும் லேப்டாப்புகளுக்கு இது சிறிய லாபம் அல்ல. நிறுவனங்களே 8 ஜிபியை மதர்போர்டில் சால்டர் செய்து, பக்கத்தில் ஒரே ஒரு ஸ்லாட்டை விட்டு விற்கின்றன. அங்கே எதைச் செருகினாலும் கலப்புதான்.

'ஒரே கம்பெனி' என்ற நிபந்தனை எல்லாவற்றையும்விட பலவீனமானது. உலகின் டிராம் சிப்புகளில் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றுதான். கிங்ஸ்டன், கோர்சேர் போன்றவை சிப்பை வாங்கித் தங்கள் பெயரில் ரேமாக்கி விற்பவை. இரண்டு ஸ்டிக்கருக்குக் கீழே ஒரே சிப் இருக்கலாம். ஒரே ஸ்டிக்கருக்குக் கீழே அடுத்தடுத்த ஆண்டுகளில் வெவ்வேறு சிப்பும் இருக்கலாம். போதாததற்கு 2025 டிசம்பரில் மைக்ரான், குரூசியல் என்ற பெயரில் நடத்திய தன் நுகர்வோர் வணிகத்தையே மூடப்போவதாக அறிவித்தது. ஏஐ டேட்டா சென்டர்கள் ரேமை அள்ளிக்கொள்வதால் விலை ஏறிய நேரத்தில், நல்ல ரேமைக் கழற்றி மேசை டிராயரில் போடச் சொல்வது விரயம்.

கலப்புக்கு எதிரான வலுவான வாதம் வேகம் பற்றியது அல்ல, நம்பகம் பற்றியது. ஒத்துப்போகாத ரேம் கணினியைப் பொய் சொல்ல வைக்கும். எங்கோ ஒரு பிட் மாறும், அது தெரியாமலேயே கோப்பு தவறாகச் சேமிக்கப்படும், ஒரு வாரம் கழித்து நீலத்திரை வரும். இந்த வாதத்தை ஒதுக்க முடியாது. ஆனால் புது ஜோடியிலும் ஒன்று பழுதாக இருக்கக்கூடும் என்பதால், இதற்கு மருந்து சோதனைதான். மெம்டெஸ்ட்86+ இலவசம். பென்டிரைவில் ஏற்றி, இரவு முழுக்க ஓடவிட வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தக் கூட்டணி வேண்டாம். புது ரேம் போட்ட முதல் முறை, குறிப்பாக டிடிஆர்5-இல், ஓரிரு நிமிடம் திரை வராமல் இருந்தால் பதறிக் கழற்றிவிடாதீர்கள். ரேமும் லேப்டாப்பும் பழகிக்கொள்ளும் நேரம் அது.

வீடியோ எடிட்டிங்கோ கேமோ தொழிலாக இருந்து, ஸ்லாட் இரண்டும் திறந்திருந்தால் ஜோடி வாங்குவது சரிதான். மற்றவர்கள் பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் ஒன்றை மட்டும் கேட்டு, பில்லிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: சோதனையில் பிழை வந்தால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவீர்களா?