சஹ்யாத்திரியின் கால்வழிகள்



மும்பையிலும் புணேயிலும் வாழும் தமிழ் மக்களுக்குச் சஹ்யாத்திரி மலை புதியதன்று. கர்ஜத்தைத் தாண்டி லோணாவளாவை நோக்கி இரயில் ஏறும்போது, படிக்கட்டுகளைப் போல அடுக்கடுக்காக எழுந்து நிற்கும் கரிய மலைகளை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் அம்மலைகளின் மேலிருந்து எண்ணற்ற அருவிகள் வெள்ளிச் சரடுகளாக வீழ்வதையும் கண்டு மகிழ்ந்திருப்பீர்கள். ஆனால் நம்மிற் பலருடைய அறிமுகம் வண்டியின் சாளரத்தோடு நின்றுவிடுகிறது. அம்மலையைக் கால்நடையாகவே ஏறிக் கடக்கும் பழைய வழிகள் பல உண்டு. அவை எவ்வாறு அமைந்தன, அவற்றில் நடக்க விரும்புவோர் எவற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்பவற்றைக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் கல்லைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். நீலகிரியும், ஆனைமலையும், சஹ்யாத்திரியும் மேற்குத் தொடர்ச்சி மலை என்னும் ஒரே தொடரைச் சேர்ந்தவை. தொடர் ஒன்றே, கல் வேறு. நீலகிரியின் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. இருநூறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை வாய்ந்தவை. மகாராஷ்டிரத்துச் சஹ்யாத்திரியோ ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான மலை. எரிமலை என்றவுடன் உச்சியில் வாய் திறந்த கூம்பு ஒன்றை மனத்தில் எண்ணவேண்டாம். இங்கே நிலத்தில் நீண்ட பிளவுகள் தோன்றி, அவற்றின் வழியே குழம்பு பொங்கி வெள்ளம் போலப் பரவியது. ஒரு வெள்ளம் ஆறி இறுகியபின் அதன்மேல் மற்றொன்று பரவியது. இவ்வாறு பரவிய கரும்பாறை இன்றும் சுமார் 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தை மூடியிருக்கிறது. மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான கள்சூபாயி, 1,646 மீட்டர் உயரமும் இத்தகைய அடுக்குகளால் ஆனதே. நிலநூலார் இப்பாறைப் பரப்பை 'டெக்கான் டிராப்' என்பர். 'டிராப்' என்பது படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடிய மொழிச் சொல்லிலிருந்து வந்ததாகும்.

இந்தப் படிக்கட்டு அமைப்பிற்கு ஒரு காரணம் உண்டு. குழம்பு உறையும்போது அதிலுள்ள வாயுக்கள் மேலெழுந்து குமிழிகளாகத் தங்கின. ஆதலால் ஒவ்வோர் அடுக்கின் மேற்பகுதியும் புரைகள் நிறைந்து மென்மையாக இருக்கிறது. நடுப்பகுதி நெருங்கி இறுகி வலிமையாக இருக்கிறது. மென்மையான பகுதியை மழையும் வெயிலும் எளிதில் சிதைத்துவிடுகின்றன. அங்கே மண் சேர்ந்து, மரம் வளர்ந்து, ஒரு திண்ணை போன்ற சமதளம் உண்டாகிறது. வலிய பகுதி செங்குத்தான சுவராக நிற்கிறது. திண்ணையும் சுவருமாக மலை முழுவதும் அமைந்திருப்பது இதனால்தான். இரண்டு அடுக்குகளுக்கு இடையே சிவந்த களிமண் படிவைச் சில இடங்களில் காணலாம். பாறைப் பிளவுகளில் இறங்கும் மழைநீர் அக்களிமண்ணால் தடுக்கப்பட்டு ஊற்றாக வெளிப்படுவதும் உண்டு.

வழிகளின் இரகசியமும் இதுவே. செங்குத்தான சுவரில் மனிதன் ஏற முடியாது. ஆனால் பல்லாயிரம் ஆண்டுகளாக ஓடைகள் அச்சுவரை ஆங்காங்கே அறுத்துப் பிளந்திருக்கின்றன. அந்தப் பிளவு வழியே மேலேறி, திண்ணையை அடைந்து, அதன்மீது பக்கவாட்டில் நடந்து, அடுத்த பிளவைக் கண்டு மீண்டும் ஏறவேண்டும். கொங்கணக் கடற்கரையிலிருந்து மேட்டு நிலத்திற்கு ஏறும் வழிகளுள் பல இம்முறையிலேயே அமைந்தவை. வழியை வகுத்தவன் மனிதன். அதற்கு இடங்கொடுத்தது கல்.

இத்தகைய வழிகளுள் மிகப் புகழ் வாய்ந்தது நாணேகாட். மராட்டியில் 'நாணே' என்றால் நாணயம்; 'காட்' என்றால் கணவாய். கல்யாண், சோபாரா முதலிய பண்டைத் துறைமுகங்களில் இறங்கிய பண்டங்கள் இவ்வழியே ஜுன்னர் நகருக்கு ஏறின. கணவாயின் உச்சியில் பெரிய கற்சாடி ஒன்று இருக்கிறது. சுங்கப் பணம் அதில் இடப்பட்டது என்று மக்கள் சொல்வர். அருகில் பாறையைக் குடைந்த மண்டபம் ஒன்றில் சாதவாகனர் காலத்துப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. சாதகர்ணி மன்னனின் தேவியாகிய நாகநிகாவோடு தொடர்புடையது என்று அறிஞர் கருதும் இக்கல்வெட்டு, வேள்விகளையும் அவற்றில் வழங்கப்பட்ட தானங்களையும் விரித்துரைக்கிறது. அத்தானங்களின் தொகைகளைக் குறிக்கப் பொறித்த எண் குறிகள், இந்திய எண்களின் வரலாற்றை ஆராய்வோர்க்கு மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக விளங்குகின்றன. அரச குடும்பத்தாரின் உருவங்களும் அங்கே இருந்தன. உருவங்கள் சிதைந்து போயின. பெயர்கள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. சிலப்பதிகாரம் கூறும் நூற்றுவர் கன்னர் இந்தச் சாதகர்ணி மரபினரே என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆகவே இக்கணவாயில் நிற்கும் தமிழருக்கு அது முற்றிலும் அயலிடம் ஆகாது.

கல்யாணிலிருந்து முர்பாட் வழியாக மால்சேஜ் கணவாய்க்குச் செல்லும் சாலையில் வைசாகரே என்னும் சிற்றூர் இருக்கிறது. அதன் அருகிலிருந்து நாணேகாட்டுக்கு ஏறலாம். நடையில் பழகியவர்க்கு இரண்டு அல்லது மூன்று மணி நேரம் ஆகும். கீழ்ப்பகுதி காட்டு நிழலில் செல்கிறது. மேற்பகுதியில் பழைய கற்படிகள் தென்படும். மழைக்காலத்தில் இங்கே ஒரு வியப்பைக் காணலாம். கொங்கணத்திலிருந்து வீசும் காற்று பாறைச் சுவரில் மோதி மேல்நோக்கிப் பாய்வதால், விளிம்பில் விழ வேண்டிய அருவி நீர் மீண்டும் மேலே தூக்கி எறியப்படுகிறது.

காட்டைக் காண விரும்புவோர் பீமாசங்கரத்திற்குச் செல்லலாம். பீமா நதி பிறக்கும் இடம் இது. ஜோதிர்லிங்கத் தலங்களுள் ஒன்று. 1985ஆம் ஆண்டில் இக்காட்டுப் பகுதி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இங்குள்ள பசுமைமாறாக் காட்டில் நாவலும் மாவும் கடுக்காயும் வளர்கின்றன. 'அஞ்சனி' என்று மராட்டியர் கூறும் மரம் மிகுதியாக உண்டு. அது நம் முன்னோர் முல்லை நிலத்திற்கு உரியதாகக் கண்ட காயாவே. மகாராஷ்டிரத்தின் மாநில விலங்காகிய பேரணில் கிளைக்குக் கிளை தாவுவதை இங்கே காணலாம். மழைக்கால இரவுகளில் அழுகிய மரக்கட்டைகளின் மேல் ஒருவகைப் பூஞ்சை மங்கலாக ஒளிர்வதும் உண்டு.

கர்ஜத் பக்கத்துக் காண்டஸ் என்னும் ஊரிலிருந்து பீமாசங்கரத்திற்கு இரு வழிகள் ஏறுகின்றன. கணேஷ் காட் நீண்டு வளைந்து செல்வது, சற்று எளியது. மற்றொன்று ஷிடீ காட். 'ஷிடீ' என்றால் ஏணி. பாறைச் சுவரைக் கடக்க அவ்வழியில் சில இடங்களில் ஏணிகள் உண்டு. அது பழகாதவர்க்கும், மழை நாளில் எவர்க்கும் உகந்ததன்று.

இங்கே மழையைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டும். மழைக்காலத்து அழகே பலரை இம்மலைக்கு ஈர்க்கிறது. இடர் மிகுந்த காலமும் அதுவே. பாறைத் திண்ணைகளின் மேல் தங்கியுள்ள மண், நாள்தோறும் பெய்யும் மழையை உண்டு கனத்துவிடுகிறது. அடியிலுள்ள பாறையைப் பற்றிக்கொள்ளும் வலிமையை இழந்தால் சரிவே பெயர்ந்து இறங்கும். பீமாசங்கரத்தை அடுத்த அம்பேகாவ் வட்டத்தில், 2014ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் காலையில் மாளீண் என்னும் சிற்றூரின் மீது மலைச்சரிவு வீழ்ந்தது; நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2023ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் இரவில், மலையேறுவோர் நன்கு அறிந்த இர்ஷால்கட் கோட்டையின் அடிவாரத்து இர்ஷால்வாடியும் அவ்வாறே புதையுண்டது. அங்கே மாண்டவர்களும் மண்ணுள் மறைந்தவர்களும் எண்பதுக்கு மேற்பட்டவர்.

ஆகவே நடைக்கு ஏற்ற காலம் மழை ஓய்ந்த பின் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஆகும். மழைக்காலத்தில் சென்றே தீர்வதெனில், தொடர்மழை பெய்த நாட்களில் ஓடைப் பிளவுகளில் ஏறாதிருங்கள். முழங்காலளவு நீரும் ஆளை இழுத்துச் செல்லும். மேலே பெய்த மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. தெளிந்து ஓடிய நீர் திடீரெனச் சேறாகக் கலங்கினாலோ, நிலத்தில் புதிய வெடிப்பு தோன்றினாலோ, மரங்கள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ உடனே ஓடையையும் சரிவையும் விட்டு விலகுங்கள். பாசி படிந்த கரும்பாறை எண்ணெய் பூசியது போல வழுக்கும். நிர்வாகத்தார் ஒரு வழியை மூடினால் அதை மீறுதல் வீரமன்று. கோடையில் செல்வோர் நிறையக் குடிநீர் எடுத்துச் செல்லவேண்டும். உலர்ந்த புல்லில் தீப்பொறி விழாமற் காத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் நல்ல பாதுகாப்பு, உள்ளூரார் ஒருவரைத் துணைகொள்வது. போர் காட் இரயில் வழி 1863ஆம் ஆண்டிலும், தல் காட் வழி 1865ஆம் ஆண்டிலும் முடிவடைந்த பின்னர், பொதி சுமந்த மாடுகள் இக்கால்வழிகளை விட்டு அகன்றன. ஆயினும் மகாதேவ் கோளி, டாகர் முதலிய மலைவாழ் மக்கள் சந்தைக்கும் உறவினர் ஊருக்கும் இவ்வழிகளிலேயே நடந்தனர். அவர்கள் பாதம் பட்டதால்தான் பல வழிகள் புதர் மூடாமல் இன்றளவும் நிலைத்தன. கடுக்காய் சேகரித்து விற்பது அவர்களுட் பலருக்கு வருவாய். கோயிலைச் சூழ்ந்த சில காடுகளைத் 'தேவராயி' என்று போற்றி, கோடரி படாமல் அவர்கள் காத்து வருகின்றனர். அத்தகைய சோலைகளில் கிளை ஒடித்தலும் குப்பை எறிதலும் தகாத செயல். அவர்கள் இல்லத்தில் பாக்கரியும் பருப்பும் உண்டால், அதற்குரிய பொருளை மனமுவந்து கொடுங்கள்.

நடந்து சென்ற நாம் மாலையில் இரயிலேறி வீடு திரும்பிவிடுவோம். அவர்களோ அடுத்த மழையையும் அதே சரிவின் கீழ்தான் எதிர்நோக்க வேண்டும். இன்று போகலாமா என்று நாம் கேட்கும்போது, இன்று வேண்டாம் என்று அவர்களுள் ஒருவர் சொன்னால், அச்சொல்லை ஏற்றுத் திரும்புவதே அறிவுடைமை. மலை அங்கேயே இருக்கும். வெயில் கண்டபின் மீண்டும் சென்று ஏறலாம்.