வேரில் ஒட்டிய நண்டினம்

கெடிலக் கரையிலுள்ள திருவந்திபுரத்தில், ஔஷதகிரியின்மேல் குதிரைமுகம் கொண்ட ஹயக்ரீவர் எழுந்தருளியிருக்க, தேவநாதப் பெருமாளின் தாகம் தீர்க்க ஆதிசேஷன் வாலால் அடித்துத் தோற்றுவித்ததாகச் சொல்லப்படும் தீர்த்தத்தில் பக்தர்கள் உப்பும் மிளகும் வெல்லமும் சேர்க்க, அதே தாகத்துக்காகக் கருடன் கொண்டுவந்ததென்று ஸ்தல புராணம் கூறும் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. குதிரை, பாம்பு, கருடன் ஆகிய மூன்றையும் ஒருங்கே காணும் பிராணி சாஸ்திரி, புராணப் பகையைப் பொருட்படுத்தாமல், மூன்றுக்கும் முதுகெலும்பு உண்டு, ஆகவே மூன்றும் ஒரே தொகுதி என்று முடித்துவிடுவார். மீன், தவளை, ஊர்வன, பறவை, பாலூட்டி என்று நாம் அன்றாடம் காணும் முதுகெலும்பிகளோ, இதுவரை அறியப்பட்ட பிராணி இனங்களில் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது.

இந்தப் பகுப்பு வேலையை நம்மவர் வெகுகாலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டனர். தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களைப் புலனறிவைக் கொண்டு புல் முதல் மக்கள் வரை ஆறு படிகளாக அடுக்கி, நத்தையையும் சிப்பியையும் ஒரு படியிலும், நண்டையும் தும்பியையும் இன்னொரு படியிலும் வைத்தது. நண்டும் தும்பியும் கணுக்காலிகள் என்ற ஒரே தொகுதியைச் சேர்ந்தவை என்று இன்றைய சாஸ்திரமும் சொல்வதால் அந்தக் கண்ணை மெச்சலாம். ஆனால் அதே தொகுதியைச் சேர்ந்த எறும்பு அங்கே வேறு படியில் நிற்பதால், இரு பகுப்புகளும் ஒன்றே என்று பெருமை பேசுவது மிகை.

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட தம் பகுப்பு நூலின் பத்தாம் பதிப்பில், பிராணிகளை ஆறு வகுப்புகளாக்கி, பாம்பையும் பல்லியையும் தவளையோடு சேர்த்தார்; புழு என்ற வகுப்பிலோ, வேறெங்கும் இடம் கிடைக்காதவற்றையெல்லாம் அடைத்தார். பின்வந்தவர்கள் தோற்றத்தை விட்டு வம்சத்தைத் தேடப் புகுந்தபோது விசித்திரமான உறவுகள் வெளிப்பட்டன. சிதம்பரத்தை அடுத்த பழைய கொள்ளிடக் கரைக் கிராமங்களில் புகுந்து, வனத்துறையினரால் பிடிக்கப்பட்டு வக்கராமாரிக்குக் கொண்டுபோய் விடப்படுகிறதே, அந்த முதலை, பாம்புக்கும் பல்லிக்கும் உறவாவதைவிடப் பருந்துக்கே நெருங்கிய உறவு.

தோற்றம் எவ்வளவு ஏமாற்றும் என்பதைப் பிச்சாவரத்தில் படகை நிறுத்திச் சுரபுன்னை வேரைப் பார்த்தால் அறியலாம். நீர் வடிந்த வேரில் சிப்பியும், அதன் பக்கத்திலேயே வெள்ளைக் கூம்பாய்க் கையைக் கீறும் கொட்டலசும் ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் ஓடு, இரண்டும் இடம்பெயராதவை. ஆகவே இரண்டும் ஒரே ஜாதி என்றே எவரும் எண்ணுவர். பிரெஞ்சு அறிஞர் குவியேயும் கொட்டலசை மெல்லுடலிகளோடுதான் வைத்தார். ஆனால் நீர் ஏறியதும் கூம்பின் உச்சியிலுள்ள மூடி பிளந்து, இறகு போன்ற கால்கள் ஆறு ஜோடி வெளியே நீண்டு, நீரை வாரி வாரி இரையைச் சேர்க்கும். அவை கணுக்களுள்ள கால்கள். படைவைத்தியராக இருந்த வாகன் தாம்ஸன் 1830-இல், இதன் குஞ்சு நீந்தித் திரிந்து பிறகே ஒட்டிக்கொள்வதைக் கண்டு, இது நண்டு, இறாலின் கூட்டத்தைச் சேர்ந்தது என்று நிறுவினார். முட்டையிலிருந்து வெளிவரும்போது கொட்டலசுக் குஞ்சுக்கு ஒற்றைக் கண்ணும் மூன்று ஜோடி உறுப்புகளுமே உண்டு. நம் கடல் இறாலின் குஞ்சும் அப்படியே பிறக்கிறது. இந்தக் கொட்டலசோடு எட்டு ஆண்டு மல்லாடிய டார்வினின் பொறுமை சாமானியருக்கு வாய்க்காது.

வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கடல் உயிரியலுக்கென நடத்தும் மையத்தில் இத்தகைய உயிர்களையே தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்துவருகின்றனர். கொட்டலசைப் போலவே கப்பலின் அடியிலும் பாறையிலும் ஒட்டிக்கிடந்து, தொட்டால் நீரைப் பீய்ச்சும் தோற்பை போன்ற ஒரு பிராணி உண்டு. கண்ணில்லை, தலையில்லை, முதுகெலும்பும் இல்லை. ஆயினும் அதன் குஞ்சு தலைப்பிரட்டையைப் போல வாலாட்டி நீந்துவதையும், அந்த வாலுக்குள் முதுகெலும்பின் முன்னோடியான முதுகுநாண் ஓடுவதையும் ருஷ்யரான கொவலேவ்ஸ்கி 1866-இல் எடுத்துக்காட்டியது முதல், சிப்பிக்கும் நண்டுக்கும் அப்பால், மனிதன் இருக்கும் தொகுதியிலேயே அதற்கும் இடம் தரப்பட்டிருக்கிறது.