மூக்குக் குழாயோடு ஊருக்குப் போகலாம்

வாயால் சாப்பிட முடியாத குழந்தைகள் உண்டு. அவர்களுக்குப் பசி எடுக்கும். வயிறும் நன்றாக வேலை செய்யும். ஆனால் விழுங்க வராது. விழுங்கினால் கஞ்சி உணவுக் குழாயில் இறங்காமல் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். இருமல் வரும், சளி கட்டும், நிமோனியா காய்ச்சல் வரும்.

மூளை முடக்குவாதம் உள்ள சில குழந்தைகளுக்கு இந்தக் கஷ்டம் இருக்கிறது. குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் கொஞ்ச நாள் இருக்கும். கழிப்பறை கழுவும் ஆசிட்டைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்து, தொண்டை வெந்துபோன குழந்தைகளும் இருக்கிறார்கள். (குளிர்பான பாட்டிலில் ஆசிட்டை ஊற்றி வைக்காதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.)

இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கிறார்கள். ஒரு வகை, மூக்கு வழியாக வயிறு வரை போகும் மெல்லிய குழாய். ஆஸ்பத்திரியில் இதை ரைல்ஸ் ட்யூப் என்பார்கள். இன்னொரு வகை, வயிற்றில் சிறு துளை போட்டு நேராக வைக்கும் குழாய். நீண்ட காலம் குழாய் தேவை என்றால் இதை வைப்பார்கள். பெரிய ஆபரேஷன் இல்லாமல், வாய் வழியாக ஒரு விளக்குக் கருவியை விட்டுப் பார்த்து இந்தக் குழாயை வைக்கும் முறை 1979-இல் அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் நகரத்தில் தொடங்கியது. அதுவும் ஒரு கைக்குழந்தைக்காகத்தான்.

நான் மும்பை தாராவியில் மாலை வகுப்பு நடத்துகிறேன். என் வகுப்புக்கு வரும் ஓர் அக்காவின் மகனுக்கு ஏழு வயது. அவனுக்கு மூக்குக் குழாய் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த இரண்டு வருடமும் அக்கா ஊருக்கே போகவில்லை. ஊர் திருநெல்வேலிப் பக்கம். அக்காவின் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்தது.

"பேரனை ஒரு தடவை கண்ணால பாக்கணும்னு அம்மா சொல்றா. ஆனா இவனை எப்படித் தம்பி ரயில்ல கூட்டிட்டுப் போறது? வீட்டுல இருக்கிறதுதான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க," என்றார்.

எல்லாரும் என்றால் யார்? பக்கத்து வீட்டார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. கேட்டபோது, "தாராளமாகப் போகலாம், தயார் செய்துகொண்டு போங்கள்," என்றுதான் சொன்னார். அந்தத் தயாரிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு

மும்பையிலிருந்து நாகர்கோவில் போகும் ரயில் புனே, சோலாப்பூர், குண்டக்கல், காட்பாடி, சேலம், மதுரை வழியாகப் போகிறது. திருநெல்வேலி சேர இரண்டு இரவும் ஒரு பகலும் ஆகும். அக்காவின் மகனுக்கு ஒரு நாளைக்கு 6 வேளை உணவு. ஒரு வேளைக்கு 200 மில்லி. வீட்டிலிருந்து கிளம்பி அம்மா வீடு போய்ச் சேரும் வரை 9 வேளை வரும் என்று கணக்குப் போட்டோம்.

9 வேளைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதுமா? போதாது. ரயில் நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? அதனால் 11 வேளைக்கு எடுத்துக்கொண்டார். 11 பெருக்கல் 200 என்றால் 2,200 மில்லி. குழாயை அலச ஒவ்வொரு வேளைக்கும் 20 மில்லி தண்ணீர். அது 220 மில்லி. உணவுக்கும் குழாய்க்கும் மட்டும் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் நல்ல தண்ணீர். சிரிஞ்சு கழுவும் தண்ணீர் தனி. இந்தக் கணக்கை அக்காவே சிலேட்டில் போட்டார்.

உங்கள் குழந்தைக்கு எத்தனை வேளை, எத்தனை மில்லி என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு குழந்தையின் அளவு இன்னொரு குழந்தைக்கு ஆகாது.

என்ன உணவு?

வீட்டில் அக்கா ராகிக் கஞ்சி, பருப்பு, பால் எல்லாம் அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிக் கொடுப்பார். வீட்டில் அது நல்ல உணவு. ரயிலுக்கு அது சரிப்படாது. கரைத்த கஞ்சி சாதாரண நாளில் இரண்டு மணி நேரம் தாங்கும். கடும் வெயிலில் ஒரு மணி நேரம்தான். அதற்கு மேல் வைத்தால் கிருமி பெருகிவிடும். புளிக்கவில்லையே, வாடை வரவில்லையே என்று நினைக்கக் கூடாது. கிருமிக்கு வாடை கிடையாது.

எனவே பயணத்துக்கு டாக்டர் ஒரு சத்து மாவு டப்பா எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு வேளைக்கும் வேண்டிய மாவை அளந்து, ஈரம் இல்லாத சின்ன டப்பாக்களில் போட்டுக்கொள்ள வேண்டும். கொடுக்கும் நேரத்தில்தான் தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டும். மிச்சம் வந்தால் கொட்டிவிட வேண்டும். மனசு கேட்காது. இருந்தாலும் கொட்டுங்கள்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. புது மாவை ரயிலில் முதல் தடவையாகக் கொடுக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் வரும். ஒரு வாரம் முன்பே வீட்டில் கொடுத்துப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் எடுத்துக்கொண்டு போங்கள்.

தண்ணீரை வீட்டிலேயே கொதிக்கவைத்து ஆறவைத்து எடுத்துக்கொள்ளலாம். ஃபிளாஸ்கில் ஒரு லிட்டர் வெந்நீரும் வேண்டும். தீர்ந்துபோனால் சீல் உடையாத பாட்டில் தண்ணீர் வாங்குங்கள். பிளாட்பாரக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். பேன்ட்ரியில் வெந்நீர் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் அது கொதித்த தண்ணீரா, வெறுமனே சுட்ட தண்ணீரா என்று நமக்குத் தெரியாது. நான் அதை வெளியே கழுவத்தான் பயன்படுத்தச் சொல்வேன். ஒரு வயது ஆகாத குழந்தை என்றால் பாட்டில் தண்ணீரைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயிலில் ஸ்டவ் பற்றவைக்கக் கூடாது. மின்சாரக் கெட்டிலும் கூடாது. செல்போன் சார்ஜ் செய்யும் பிளக்கில் கெட்டிலைச் சொருகினால் தீப்பிடிக்கும். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றுகொண்டிருந்த சுற்றுலாப் பெட்டியில் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். குழந்தைக்குப் பால் காய்ச்சத்தானே என்று நினைக்காதீர்கள். தீக்கு அது தெரியாது.

டிக்கெட்

நடக்க முடியாத, துணை இல்லாமல் பயணம் செய்ய முடியாத மாற்றுத் திறனாளிக் குழந்தைக்கு ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. மனவளர்ச்சி குன்றிய குழந்தைக்கும் உண்டு. ஸ்லீப்பர் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் 100 ரூபாய்க்கு 75 ரூபாய் தள்ளுபடி. கூட வரும் துணை ஒருவருக்கும் அதே தள்ளுபடி. ராஜதானி போன்ற ரயில்களில் சலுகை குறைவு. இதற்கு ரயில்வே சொல்லும் படிவத்தில் அரசு டாக்டர் சான்றிதழ் தர வேண்டும். அசல் சான்றிதழைப் பயணத்தில் கையில் வைத்திருக்க வேண்டும். இவர்களுக்கென்று தனியாகப் படுக்கை ஒதுக்கீடும் இருக்கிறது. கவுண்டரில் கேளுங்கள். எப்படியாவது கீழ்ப் படுக்கை வாங்குங்கள். குழாய்ப் பிள்ளையை நடுப் படுக்கையில் வைத்துச் சமாளிக்க முடியாது.

ஓடும் ரயிலில் உணவு கொடுப்பது

மூக்குக் குழாயின் மேல் கோடும் எண்ணும் இருக்கும். மூக்கு ஓரத்தில் எந்த எண் நிற்கிறது என்று பாருங்கள். கிளம்பும் முன் அதை எழுதி வையுங்கள். அக்காவின் மகனுக்கு 38. ஒவ்வொரு வேளையும் உணவு கொடுக்கும் முன் அந்த எண் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண் மாறியிருந்தால் குழாய் நகர்ந்திருக்கிறது. உணவு கொடுக்கக் கூடாது.

எண் சரியாக இருந்தாலும் அது மட்டும் போதாது. சிரிஞ்சால் மெதுவாக இழுத்து, வயிற்று நீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நீரைத் தொட்டுப் பார்க்க ஒரு நிறத் தாள் உண்டு. ஆஸ்பத்திரியில் கேட்டால் சொல்லித் தருவார்கள். குழாய் முனையைத் தண்ணீரில் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும், காற்றை ஊதிச் சத்தம் கேட்பதும் பழைய பழக்கம். அவற்றை நம்ப முடியாது என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள்.

குழந்தையைப் படுக்கவைத்துக் கொடுக்கக் கூடாது. மடியில் சாய்த்து வையுங்கள். அல்லது போர்வையைச் சுருட்டி முதுகுக்குக் கொடுத்து, தலையும் நெஞ்சும் உயர்ந்திருக்கும்படி வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, அதைக் குழந்தையின் வயிற்றுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். கஞ்சி தானாக இறங்கட்டும். தண்டை வைத்து அழுத்தாதீர்கள். ரயில் குலுங்கினாலோ குழந்தை இருமினாலோ குழாயைக் கையால் மடித்துப் பிடித்து நிறுத்துங்கள். 200 மில்லி இறங்க இருபது நிமிடம், அரை மணி ஆகட்டும். அவசரம் ஒன்றும் இல்லை, ரயில் நம்மை விட்டுவிட்டுப் போகப் போவதில்லை.

முடிந்ததும் உடனே 20 மில்லி தண்ணீர் விடுங்கள். விடாவிட்டால் மாவு குழாயில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக விட்டு இழுத்துப் பாருங்கள். கம்பியை நுழைக்காதீர்கள். அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் குழந்தை சாய்ந்தே இருக்கட்டும்.

வலிப்பு மருந்து இருந்தால் நேரம் தவறாமல் கொடுங்கள். மருந்தைச் சீட்டுக்கு அடியில் தள்ளும் பெட்டியில் வைக்காதீர்கள். தோள் பையில் வையுங்கள். மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது.

இரவில் குழந்தை தூக்கத்தில் குழாயை இழுத்துவிடும். கையில் காலுறையை மாட்டிவிடலாம். குழாயின் மிச்ச நீளத்தை முதுகுப் பக்கம் கொண்டுபோய்ச் சட்டையில் ஒட்டிவிடுங்கள். கழுத்தைச் சுற்ற விடாதீர்கள். கன்னத்தில் ஒட்டும் பிளாஸ்திரி வேர்வையில் கழன்றுவிடும். ஒரு சுருள் கூடுதலாக வேண்டும்.

பக்கத்து சீட்டுக்காரர்கள்

இவர்கள் நல்லவர்கள்தான். அதுதான் சிக்கல். "பாவம், பிள்ளை பசியா இருக்கு" என்று வாயில் பிஸ்கட்டை வைத்துவிடுவார்கள். நாம் கை கழுவப் போகும் நேரத்தில் இது நடந்துவிடும். ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடுங்கள்: "இவனுக்கு வாயால எதுவும் குடுக்கக் கூடாது. தண்ணிகூடக் கூடாது. மூச்சுல போயிரும்." இந்தி தெரிந்தால் இந்தியிலும் சொல்லுங்கள். சிலர் உற்றுப் பார்ப்பார்கள். என்ன பாவம் செய்தீர்களோ என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பாவத்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை.

ஆபத்து வந்தால்

உணவு கொடுக்கும்போது விடாமல் இருமினாலோ, மூச்சு திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ உடனே நிறுத்துங்கள். குழந்தையை நிமிர்த்திப் பிடியுங்கள். டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லுங்கள், அல்லது 139-க்குப் போன் செய்யுங்கள். அடுத்த பெரிய நிலையத்தில் டாக்டரை வரவழைப்பார்கள். ரயிலை விட்டு இறங்கிவிட்டால் 108.

மூக்குக் குழாய் வெளியே வந்துவிட்டால் பதறாதீர்கள். ஒரு வேளை உணவு தள்ளிப்போவதால் பெரும்பாலும் ஆபத்து வராது. ஆனால் வெயில் காலத்தில் வெகுநேரம் தண்ணீர் இல்லாமல் இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் பழக்கம் பெறாதவர்கள் குழாயைத் திரும்ப நுழைக்கக் கூடாது. பழகியவர்களும் ஓடும் ரயிலில் நுழைக்க வேண்டாம். அது வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குள் போய்விடலாம். வயிற்றுத் துளைக் குழாய் வந்துவிட்டால் மட்டும் தாமதிக்கக் கூடாது. சில மணி நேரத்தில் துளை சுருங்கி மூடத் தொடங்கும். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு, அடுத்த பெரிய ஊரில் இறங்குங்கள்.

எந்த ஊரில் இறங்குவது என்பதை முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். புனே நிலையத்துக்குப் பக்கத்திலேயே சாசூன் அரசு மருத்துவமனை இருக்கிறது. சோலாப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. காட்பாடியில் இறங்கினால் வேலூர். பிறகு சேலம், மதுரை. வழியில் மராத்தி, கன்னடம், தெலுங்கு என்று பேச்சு மாறும். எனவே டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஊர் டாக்டரும் அதைப் படிப்பார். அதோடு, கூட வருகிறவர்களுக்காகத் தமிழில் ஓர் அட்டை. அக்கா எழுதிய அட்டை இது:

"வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. மூக்குக் குழாய். அளவு 8. மூக்கில் 38. ஒரு வேளை 200. கடைசியில் தண்ணீர் 20. வலிப்பு மருந்து காலை 8, இரவு 8. அப்பா போன் நம்பர் பின்னால்."

அளவு 8 என்பது குழாயின் பருமன். இது மிகவும் முக்கியம். திருநெல்வேலியில் குழாய் மாற்ற வேண்டி வந்தால் இந்த எண்ணைத்தான் கேட்பார்கள். அதே அளவில் ஒரு புதுக் குழாயும், 50 மில்லி சிரிஞ்சு மூன்றும் அக்கா கையோடு கொண்டுபோனார். சிரிஞ்சு ஒன்று கைதவறி ரயிலின் தரையில் விழுந்ததாம். நல்லவேளை, இன்னும் இரண்டு இருந்தன.

ஊரில் ஆச்சி பேரனுக்கு மோர் கொடுக்க ஆசைப்பட்டாராம். டாக்டரிடம் போனில் கேட்டார்கள். வெண்ணெய் எடுத்து, தண்ணீராகக் கரைத்து, நன்றாக வடிகட்டினால் கொஞ்சம் கொடுக்கலாம் என்றார். சிரிஞ்சை ஆச்சியே பிடித்துக்கொண்டாராம், ஒரு சாண் உயரத்தில்.