கோணல் எங்கே?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியை நாம் சிறு வயதிலேயே கேட்டதுண்டு. ஆனால் அதன் பொருள் நமக்கு நன்றாய் உறைத்தது கல்லூரியில் என்.சி.சி. படையில் சேர்ந்த வருஷத்தில்தான்.

ஒரு நாள் காலை மாணவர்களை வரிசையாகக் குப்புறப் படுக்க வைத்து, ஆளுக்கு ஒரு சிறு ரைபிளும் ஐந்து தோட்டாக்களும் கொடுத்தார்கள். இலக்குக் காகிதம் இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் இருந்தது. ஐந்தையும் சுட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்த்தோம். நம்முடைய காகிதத்தில் நான்கே ஓட்டைகள். அவையும் திக்குக்கு ஒன்றாய்ச் சிதறிக் கிடந்தன. "ஐயா, இந்தத் துப்பாக்கி சரியில்லை" என்று முறையிட்டோம். ஹவில்தார் ஒன்றும் பேசவில்லை. அதே துப்பாக்கியை வாங்கிக்கொண்டு படுத்தார். ஐந்து முறை சுட்டார். ஐந்து ஓட்டைகளையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம் போலிருந்தது. பிறகு நம்மைப் பார்த்து, "தம்பி, துப்பாக்கியைப் பற்றி அப்புறம் பேசுவோம். நீ சுட்டது அஞ்சு. இங்கே இருப்பது நாலு. அஞ்சாவது எங்கே?" என்று கேட்டார். தேடினோம். அடுத்த பையனுடைய காகிதத்தில் ஆறு ஓட்டைகள் இருந்தன!

அன்று பட்ட வெட்கமே பிற்காலத்தில் இந்த விஷயத்தைப் பற்றி நம்மைப் படிக்கத் தூண்டியது. இருபத்தைந்து மீட்டரில் இந்தப் பாடு என்றால், ஆயிரம் கஜத்துக்கு அப்பால் குறி பார்த்துப் பந்தயம் நடத்துகிறவர்கள் பாடு என்ன? அரை மைலுக்கு அதிகமான அந்தத் தூரத்தில் ஒரு குண்டு தவறினால், குற்றவாளி துப்பாக்கியா, தோட்டாவா, காற்றா, சுட்டவனா? இந்த நால்வரையும் தனித் தனியே கூண்டில் ஏற்றி விசாரிக்கும் கலைக்குத்தான் துப்பாக்கிப் பரீட்சை என்று பெயர்.

புரியும் பம்பரமும்

ரைபிளின் குழலுக்குள் திருகாணியின் மறைபோலப் புரி வெட்டியிருக்கும். குண்டு அதன் வழியே வரும்போது சுழன்றுகொண்டே வெளியேறுகிறது. சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்கிறது; சுழற்சி தளர்ந்தால் தலையாட்டி விழுந்துவிடுகிறது. குண்டின் சங்கதியும் அதுவே. குண்டு நீளமாக ஆக, அதை நேரே நிறுத்த வேகமான சுழற்சி வேண்டும்.

எவ்வளவு சுழற்சி போதும் என்பதை முறையாய் ஆராய்ந்தவர் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேய யந்திர நிபுணர். திருகாணிகளுக்குப் பொது அளவு வகுத்தவரும் இவரே. 1854-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் என்பீல்ட் துப்பாக்கியைச் செய்யும் யந்திரங்களைப் பற்றி இவருடைய யோசனையைக் கேட்டது. அவரோ, "முதலில் நல்ல குழல் எது என்று தெரியட்டும், யந்திரம் பிறகு" என்ற போக்கில் பதிலளித்தார். மான்செஸ்டர் நகருக்கு அருகே தம் இல்லத்தில் 500 கஜ நீளத்துக்குக் கூரை வேய்ந்த ஒரு சுடுகூடம் கட்டச் செய்தார். காற்று என்ற குற்றவாளியை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியாயிற்று! கூடத்தின் வழி நெடுக மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டு, அவற்றில் விழுந்த துளைகளைக்கொண்டு குண்டு சென்ற பாதையை அளந்தார்.

என்பீல்டின் குழல் 0.577 அங்குல விட்டம். அதன் புரி 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 39 அங்குலக் குழலில் குண்டு அரைச் சுற்றுத்தான் சுற்றி வெளியே வரும். விட்வொர்த் குண்டின் எடையையும் மருந்தின் எடையையும் மாற்றவில்லை. குழலை மட்டும் 0.45 அங்குலமாகக் குறுக்கி, அறுகோண வடிவில் கடைந்து, 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றாகப் புரியை முறுக்கினார். குழல் குறுகியதால் குண்டு நீண்டது. நீண்ட குண்டை நேரே நிறுத்தும் சுழற்சியும் கிடைத்தது.

1857-ல் ஹைத் என்னும் ஊரில் இரண்டு துப்பாக்கிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். 500 கஜத்தில் என்பீல்டின் குண்டுகள் தங்கள் கூட்டத்தின் மையத்திலிருந்து சராசரி 2.24 அடி விலகின. விட்வொர்த்தின் குண்டுகள் 0.37 அடியே விலகின. 1,100 கஜத்தில் 8.04 அடியும் 2.62 அடியும். 1,400 கஜத்திலோ என்பீல்டின் கணக்கை எழுதவே முடியவில்லை. அதே 1857-ல் அந்த என்பீல்டின் கொழுப்புத் தடவிய தோட்டா நம் நாட்டுச் சிப்பாய்களிடையே மூட்டிய தீயை நேயர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

இவ்வளவு வென்றும் விட்வொர்த்தின் துப்பாக்கியைச் சேனை ஏற்கவில்லை. குறுகிய குழலில் மருந்துக் கரி விரைவில் படிந்தது. விலையும் மிக அதிகம். யுத்தத்துக்குத் தள்ளுபடியான அந்தத் துப்பாக்கி குறி பார்ப்பவர்களுக்கு நல்ல ஆசானாயிற்று. 1860 ஜூலை 2-ந் தேதி விம்பிள்டன் மைதானத்தில் முதல் பந்தயத்தைத் தொடங்கி வைத்தவர் விக்டோரியா ராணி. விட்வொர்த் தம் துப்பாக்கியை ஓர் இரும்புத் தாங்கியில் அசையாமல் பூட்டி, 400 கஜ இலக்குக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தார். ராணி ஒரு பட்டுக் கயிற்றை இழுத்ததுதான் தாமதம், குண்டு நடுப்புள்ளிக்குச் சுமார் ஒன்றேகால் அங்குலத்தில் பாய்ந்தது. அரசியாரின் கைத்திறனை ஜனங்கள் புகழ்ந்திருக்கலாம். அன்று வென்றது தாங்கி. மனிதக் கையை விலக்கிவிட்டு யந்திரத்தை மட்டும் விசாரித்ததற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

மனிதன் செய்த பிழை

மனிதனையும் காற்றையும் திரும்ப உள்ளே விட்டால் என்ன ஆகும் என்பதை 1874 செப்டம்பர் 26-ந் தேதி அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த க்ரீட்மூர் மைதானம் காட்டியது. பேர்பெற்ற அயர்லாந்து வீரர்கள் அறுவர் ஒரு புறம். இந்த வித்தைக்குப் புதியவர்களான அமெரிக்கர் அறுவர் மறுபுறம். 800, 900, 1,000 கஜங்களில் ஆளுக்குப் பதினைந்து குண்டுகள் வீதம் பந்தயம். அயர்லாந்தார் கையில் ரிக்பி செய்த, வாய் வழியே கெட்டிக்கும் துப்பாக்கிகள். அமெரிக்கர் கையில் ரெமிங்டனும் ஷார்ப்ஸும் செய்த, பின்புறம் தோட்டா போடும் புதுத் துப்பாக்கிகள்.

கடைசிக் குண்டுக்கு முன் அயர்லாந்து 931, அமெரிக்கா 930. சுட வேண்டியவர் கர்னல் போடைன். சற்று முன்புதான் இஞ்சிச் சாராயப் புட்டி ஒன்று வெடித்து அவர் கையைக் கிழித்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்தார். ஆயிரம் கஜத்தில் நடுவட்டத்தை அடித்தார். நான்கு புள்ளிகள் கிடைக்க, அமெரிக்கா 934-க்கு உயர்ந்து மூன்று புள்ளிகளில் வென்றது. அன்று அயர்லாந்தின் மில்னர் நடுவட்டத்தில் செம்மையாக ஒரு குண்டைச் செலுத்தியிருந்தார். ஆனால் அது பக்கத்து இலக்கின் நடுவட்டம்! அதற்குச் சுழி. இதைப் படித்தபோது, உலகத்தில் நாம் தனியாக இல்லை என்ற ஆறுதல் நமக்கு உண்டாயிற்று.

தோற்ற கட்சியின் தலைவர் மேஜர் லீச், கூடம் கோணல் என்று சொல்லவில்லை. அமெரிக்கர்களுக்கு ஒரு வெள்ளிக் கோப்பையைப் பரிசளித்தார்.

தேர்ந்தெடுப்பது எப்படி?

மாடு வாங்கப் போகிறவன் கொம்பிலுள்ள வர்ணத்தைக் கண்டு விலை பேசுவானா? பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டாமா? ரைபிளுக்குப் பல் அதன் குழல். பளபளக்கும் கட்டையும் பெரிய தொலைநோக்கிக் கண்ணாடியும் பிறகு பார்க்க வேண்டியவை.

முதற் கேள்வி: எந்தக் குண்டைச் சுடப் போகிறோம்? குண்டுக்கேற்ற புரி வேண்டும். வுல்விச்சில் கணித ஆசிரியராயிருந்த கிரீன்ஹில் 1879-ல் இதற்கு எளிய சூத்திரம் ஒன்று தந்தார். குண்டின் நீளம் அதன் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்று கண்டு, 150-ஐ அதனால் வகுக்க வேண்டும். வரும் எண்ணை விட்டத்தால் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு வேண்டிய நீளம் கிடைக்கும். 0.45 அங்குல விட்டமுள்ள குண்டு மூன்று மடங்கு நீளமானால் விடை 22.5 அங்குலம். குண்டு இன்னும் சற்று நீண்டால் விட்வொர்த் கண்ட 20 அங்குலத்தையே நெருங்கிவிடும். கூடம் கட்டி அவர் கண்டதைப் பள்ளிப் பையன் பலகையில் போட்டுப் பார்க்கலாம்!

இரண்டாவது, குழல் கட்டையில் உரசக் கூடாது. ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே செருகி இழுத்தால் அது தடையின்றி ஓட வேண்டும். மூன்றாவது, விசை ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில், இழுபறியின்றி விடுபட வேண்டும். நான்காவது, குறிக்கண்ணாடி சொன்ன சொல் தவறாததாயிருக்க வேண்டும். நூறு கஜத்தில் ஒரு கோண நிமிஷம் என்பது 1.047 அங்குலம். ஆகவே, முப்பது நிமிஷம் உயர்த்தித் திருகினால் குண்டு 31.4 அங்குலம் மேலே பட வேண்டும். தூக்கு நூல் கட்டி வரைந்த நேர்கோட்டின் மேலேயே பட வேண்டும். திருப்பினால் பழைய இடத்துக்கே வர வேண்டும். இந்தச் சோதனையில் தவறிய கண்ணாடி எவ்வளவு தெளிவாய்க் காட்டினால் என்ன?

சோதிப்பது எப்படி?

காற்றில்லாத விடியற்காலையில், நூறு கஜத்தில், மணல் மூட்டைமேல் துப்பாக்கியைத் தாங்கிச் சுடுவது வழக்கம். மூன்று குண்டுகள் ஒரே ஓட்டையில் விழுந்துவிட்டால் உடனே அந்தக் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டத் தோன்றும். இங்கேதான் மோசம் வருகிறது. ஒரே துப்பாக்கியில் மூன்று குண்டுகளுக்குப் பதில் பத்துச் சுட்டால், சிதறலின் அகலம் சராசரி ஒன்றரை மடங்குக்கு மேல் விரிந்துவிடும். துப்பாக்கி கெட்டுவிடவில்லை, மூன்று குண்டுகள் அதன் முழுக் குணத்தைச் சொல்லவில்லை என்பதே காரணம்.

நூறு கஜத்தில் மறைந்திருக்கும் குற்றம் ஆயிரம் கஜத்தில் வெளிப்படும். இரண்டு தோட்டாக்களின் வேகத்தில் வினாடிக்கு 30 அடி வித்தியாசம் இருந்தால், நூறு கஜத்தில் அது கண்ணுக்கே புலப்படாது. ஆயிரம் கஜத்திலோ ஒன்று மற்றதைவிடப் பல அங்குலம் தாழ்ந்துவிடும். ஆகையால் வேகத்தையும் கருவியால் அளந்து எழுதவேண்டும்.

கடைசி விசாரணை காற்றைப் பற்றியது. இன்று இந்தப் பந்தயங்களில் வழங்கும் 0.308 அங்குலக் குண்டு ஆயிரம் கஜத்தைக் கடக்க ஏறக்குறைய ஒன்றரை வினாடி ஆகிறது. அதற்குள் மணிக்கு 10 மைல் வேகத்தில் வீசும் குறுக்குக் காற்று அதைச் சுமார் 8 அடி தள்ளிவிடும். தாங்கியின்மேல் வைத்துச் சுடும் பந்தயத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலமே 10 அங்குலம்தான். காற்றின் வேகத்தை ஒரே ஒரு மைல் தப்பாய் மதித்தால் வட்டம் கைவிட்டுப் போகும். எத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் காற்றைப் படிக்கத் தெரிந்த துப்பாக்கி கிடைக்காது.

விட்டுப்போன ஓட்டை

நம் நாட்டில் 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், அனுமதிச் சீட்டின்றி இந்தியர் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்தது. நெடுங்காலம் ஐரோப்பியருக்கு அந்தக் கட்டு இல்லை. நாட்டில் இந்த விளையாட்டு வேரூன்றச் சுயராஜ்யம் வர வேண்டியிருந்தது. லோக்சபையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர் முயற்சியால் 1951-ல் தேசிய ரைபிள் சங்கம் தோன்றியது. 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா பத்து மீட்டர் பந்தயத்தில் தங்கம் வென்றார்; 2024-ல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே ஐம்பது மீட்டர் பந்தயத்தில் வெண்கலம் வென்றார். தூரம் குறைவானாலும் முறை ஒன்றே. ஐம்பது மீட்டர் வீரர்கள் தங்கள் துப்பாக்கியை இரும்புப் பிடியில் பூட்டி, தோட்டாக்களைத் தொகுதி தொகுதியாய்ச் சுட்டுப் பார்த்தே தங்களுக்கானதைப் பொறுக்குகிறார்கள். விட்வொர்த்தின் தாங்கி இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

இனி நம்முடைய குற்றம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பல வருஷங்களுக்கு முன், ஊசற்குண்டுப் பரிசோதனையில் இரண்டு பையன்கள் நோட்டுப் புஸ்தகங்களைக் கொண்டுவந்தார்கள். ஒருவன் கணக்கில் ஐந்து அளவுகளும் அச்சடித்தாற்போல் ஒத்திருந்தன. மற்றவன் கணக்கில் ஓர் அளவு மட்டும் எங்கேயோ விலகியிருந்தது. அவன் அதை அடிக்காமல் அப்படியே எழுதியிருந்தான். நாம் முதற் பையனுக்கு முழு மார்க்குக் கொடுத்தோம். இரண்டாமவனைக் கவனக் குறைவு என்று கடிந்தோம். ஒத்து வராத அளவுகளைக் கிழித்தெறிந்துவிட்டு எழுதினேன் என்று முதற் பையனே பின்னர் ஒரு நாள் சிரித்துக்கொண்டு சொன்னான். இரண்டாமவனிடம் போய், "தம்பி, நீ செய்தது சரி" என்று சொல்ல அப்போது நமக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த வருஷம் அவன் வேறு ஊர்ப் பள்ளிக்குப் போய்விட்டான்.

துப்பாக்கியைச் சோதிப்பவனுக்கும் இந்த ஆசை எப்போதும் உண்டு. பத்தில் ஒன்று விலகினால், "அது என் கை நடுங்கியதால், கணக்கில் வேண்டாம்" என்று தள்ளிவிடத் தோன்றும். தள்ளிய பின் காகிதம் அழகாயிருக்கும். ஆனால் பந்தய நாளில் அந்த விலகிய குண்டு தவறாமல் வந்து சேரும். கூடம் கோணலா, ஆடுகிறவள் கோணலா என்பது எல்லா ஓட்டைகளையும் எண்ணினவனுக்கே தெரியும்.

இப்போது நம் வகுப்பில் யாராவது ஒத்துப்போன அளவுகளைக் காட்டினால் நாம் முதலில் கேட்பது ஹவில்தார் கேட்ட கேள்விதான்: "அஞ்சாவது எங்கே?"