நிறத்தால் பேசும் பாறை ஓணான்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறியிருக்கிறீர்களா? ஏறுகிறவர்கள் மதில்களையும் பீரங்கியையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அடுத்த முறை அங்குள்ள உருண்டைப் பாறைகளையும் கவனியுங்கள். இத்தகைய வறண்ட பாறைக் குன்றுகளே பாறை ஓணானின் வீடு. இது தென்னிந்தியாவுக்கே உரியது. விஞ்ஞானப் பெயர் 'சமோஃபிலஸ் டார்சாலிஸ்'.

தலையும் உடலும் சேர்ந்து அதிகம் போனால் 14 செ.மீ. இருக்கும், வால் அதைவிட நீளம். இதன் உடலில் தானாக வெப்பம் ஊறுவதில்லை. ஆகவே காலையில் பாறைமேல் வெயில் காய்ந்து சூடேறுகிறது. பாறை கொதிக்கும் நண்பகலில் இடுக்கில் ஒளிந்துகொள்கிறது.

பெண் ஓணான் எப்போதும் பாறையின் பழுப்பு நிறந்தான். அருகில் சென்றாலும் கண்ணில் படாது. இனப்பெருக்க காலத்து ஆணோ பளிச்சென்று தெரியும். அதோடு, எதிரே நிற்பது யார் என்பதைப் பொறுத்து அதன் நிறமும் மாறும்! பெண்ணைக் கண்டால் முதுகு சிவந்து, பக்கங்கள் கறுக்கும். போட்டிக்கு வரும் ஆணைக் கண்டால் முதுகு மஞ்சளாகி, பக்கங்கள் செம்மஞ்சளாகும். பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து 2017-இல் வெளியிட்டனர். எதிரியின் முன் மாற்றம் வேகமாக நிகழ்ந்தது. பெண்ணின் முன் நிறங்களின் வேறுபாடு எடுப்பாக இருந்தது. சண்டையில் தாமதம் ஆபத்தல்லவா?

இது எப்படி முடிகிறது? தோலில் நிறமிச் செல்கள் அடுக்கடுக்காக உள்ளன. கரிய மெலனின் துகள்கள் செல் முழுவதும் பரவினால் தோல் கறுக்கும். அவை நடுவில் ஒடுங்கினால் மற்ற நிறங்கள் வெளிப்படும். பளிச்சிடும் நிறத்துக்கு விலையும் உண்டு: பெண்ணின் கண்ணில் படுவது பருந்தின் கண்ணிலும் படும். வேண்டும்போது காட்டி, வேண்டாதபோது மறைப்பதன் லாபம் இப்போது புரிகிறதா?

கிராமத்துச் சிறுவர்கள் ஓணான் பிடிக்கச் சுருக்குப் போடுவார்கள். ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துவதும் நீண்ட கோலின் நுனியில் கட்டிய சுருக்கைத்தான்! ஆனால் அவர்கள் அளவெடுத்துவிட்டு, பிடித்த பாறையிலேயே விட்டுவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் பல குன்றுகள் ஜல்லிக்காக உடைக்கப்பட்டுவிட்டன. குன்று போனால் வெயில் காயும் மேடும் இல்லை, ஒளியும் இடுக்கும் இல்லை. செஞ்சியின் கோட்டைக் குன்றுகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 2025-இல் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆயிற்று. மன்னர்களின் மதிலுக்குக் கிடைத்த காவல் பாறைகளுக்கும் சேர்ந்தே கிடைத்திருக்கிறது.

செஞ்சி சென்றால் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள். பாறை ஓணான் தென்பட்டால் பத்தடி தள்ளி அசையாமல் உட்கார்ந்து நேரம், முதுகின் நிறம், பக்கங்களின் நிறம், அருகில் வேறு ஓணான் உண்டா என்பவற்றைக் குறியுங்கள். முதுகு மஞ்சளானால், பக்கத்துப் பாறையையும் ஒருமுறை பாருங்கள்.